வைத்தியர் ஜோன் லாங்டன் டவுண் (1828 – 1896)

1. அறிமுகம்

மாணவர்களே, ‘டவுண் சிண்ட்ரோம்’ என்னும் சொற்றொடரை விஞ்ஞான பாடத்திலோ பத்திரிகையிலோ நீங்கள் கண்டிருப்பீர்கள். அதிலுள்ள ‘டவுண்’ என்பதைக் ‘கீழே’ என்று பொருள் தரும் ஆங்கிலச் சொல்லாகப் பலர் எண்ணுகின்றனர். அறிவிற் குறைந்தவர்கள் என்பதனாலேயே அப்பெயர் வந்தது என்று விளக்கம் சொல்வோரும் உளர். இது முற்றிலும் பிழையானது. டவுண் என்பது ஒரு மனிதரின் குடும்பப் பெயர்.

அந்த மனிதர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த வைத்தியர் ஜோன் லாங்டன் டவுண் ஆவார். எவராலும் எதுவும் செய்ய முடியாது என்று கைவிடப்பட்ட பிள்ளைகளால் கற்க முடியும், உழைக்க முடியும், மகிழ்ச்சியாக வாழ முடியும் என்பதைச் செய்து காட்டியவர் அவர். அதே மனிதர் விட்ட ஒரு பிழை, அப்பிள்ளைகளின் மேல் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஒரு தவறான பெயரைச் சுமத்தியது. இவ்விரண்டையும் சேர்த்தே நாம் அவருடைய வாழ்க்கையைப் படிக்க வேண்டும். ஒருவர் பெரியவர் என்பதற்காக அவருடைய பிழையை மறைக்கவும் கூடாது. பிழை விட்டார் என்பதற்காக அவர் செய்த நன்மையை மறக்கவும் கூடாது.

2. பிறப்பும் இளமையும்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கோர்ன்வோல் என்னும் பிரதேசம் உள்ளது. அங்குள்ள டோர்பொயின்ற் என்னும் சிறிய ஊரில் 1828ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் திகதி ஜோன் பிறந்தார். குடும்பத்தின் கடைசிப் பிள்ளை அவரே. தந்தையார் ஊரிலே மருந்துகளும் பலசரக்கும் விற்கும் கடையொன்றை நடத்தி வந்தார்.

ஜோன் பாடசாலையிற் கெட்டிக்கார மாணவனாக இருந்தார். எனினும் பதின்மூன்று, பதினான்கு வயதளவிலேயே அவருடைய படிப்பு நிறுத்தப்பட்டது. கடையில் உதவிக்கு ஆள் தேவைப்பட்டது. புத்தகங்களை விட்டுக் கடை மேசைக்குப் பின்னால் நிற்க வேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது. இன்று உங்களுள் எத்தனையோ பேர் பாடசாலை விட்டதும் தந்தையின் கடைக்கோ வயலுக்கோ செல்கிறீர்கள். அந்தச் சுமை எத்தகையது என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அவருக்கு ஏறத்தாழ பதினெட்டு வயதானபோது நிகழ்ந்த ஒரு சம்பவத்தை அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். வெளியே சென்றிருந்த வேளையிற் கடும் மழை பிடித்தது. குடும்பத்தினர் ஒரு குடிசையில் ஒதுங்கினர். அங்கே அவர்களுக்குப் பணிவிடை செய்த சிறுமி அறிவு வளர்ச்சி குன்றியவளாக இருந்தாள். இவளுக்காக ஏதாவது செய்ய முடியாதா என்னும் கேள்வி அந்த இளைஞரின் மனதிற் பதிந்தது. அக்கேள்விக்கு விடை தேட அவர் வைத்தியராக வேண்டியிருந்தது.

3. வைத்தியக் கல்வி

கடையிலிருந்து நேரே வைத்தியக் கல்லூரிக்குச் செல்லும் வசதி அவருக்கு இருக்கவில்லை. பதினெட்டு வயதளவில் இலண்டன் சென்று ஒரு சத்திரசிகிச்சை வைத்தியரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். பின்னர் மருந்தாளர் சங்கத்தின் ஆய்வுகூடத்தில் இரசாயனவியல் கற்றார். இடையில் உடல்நலம் குன்றியதால் ஊருக்குத் திரும்ப நேர்ந்தது.

1853ஆம் ஆண்டில் தந்தையார் காலமானார். அதே ஆண்டில், தமது இருபத்து நான்காவது வயதில், அவர் இலண்டன் வைத்தியசாலையில் மாணவராகச் சேர்ந்தார். மற்றவர்களைவிடத் தாமதமாகத் தொடங்கியவர் மற்றவர்களை முந்தினார். பல பரிசுகளைப் பெற்றார். 1856ஆம் ஆண்டில் வைத்தியராகத் தகுதி பெற்றார். இலண்டன் மாநகரிற் பேரும் பணமும் சம்பாதிக்கும் வைத்தியராக அவர் வருவார் என்றே யாவரும் எதிர்பார்த்தனர்.

4. அக்காலச் சமூக நிலை

அவருடைய அடுத்த முடிவின் பெறுமதியை விளங்கிக்கொள்ள, அக்காலத்தில் அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். வசதி படைத்த குடும்பங்கள் அவர்களை மேல்மாடி அறைகளில் ஒளித்து வைத்தன. ஏழைகளின் பிள்ளைகள் அநாதரவானோர் தங்கும் இல்லங்களிலும் மனநோயாளர் விடுதிகளிலும் அடைக்கப்பட்டனர். ‘முட்டாள்’ எனப் பொருள்படும் சொல்லே அன்று வைத்தியர்களின் அதிகாரபூர்வமான சொல்லாக இருந்தது. அத்தகைய பிள்ளைகளுக்குப் படிப்பிப்பது தண்ணீரில் எழுதுவதற்கு ஒப்பானது என்று கற்றவர்களே நம்பினர்.

இந்நம்பிக்கையை மாற்றும் முயற்சி ஐரோப்பாவில் மெல்ல மெல்லத் தொடங்கியிருந்தது. பிரான்ஸ் நாட்டின் எடுவார்ட் செகுவான் என்பவர் இத்தகைய பிள்ளைகளுக்குப் புலன்களையும் கைகால்களையும் பயிற்றுவதன் மூலம் கற்பிக்கும் முறையை உருவாக்கியிருந்தார். இங்கிலாந்தில் இலண்டனுக்குத் தெற்கே, ரெட்ஹில் என்னும் இடத்தில் ஏர்ள்ஸ்வூட் என்ற பெரிய விடுதி கட்டப்பட்டது. விக்டோரியா மகாராணியாரின் கணவர் அல்பேட் இளவரசர் 1853இல் அதற்கு அடிக்கல் நாட்டினார். 1855இல் அது திறக்கப்பட்டது. ஆனாற் கட்டடம் பெரிதாக இருந்ததேயன்றி, உள்ளே பராமரிப்புச் சீராக இருக்கவில்லை. மேற்பார்வை அதிகாரிகள் அதனைக் கண்டித்தனர்.

5. ஏர்ள்ஸ்வூட்டில் ஆற்றிய பணி (1858 – 1868)

1858ஆம் ஆண்டில், முப்பது வயதை அண்மித்த டவுண், ஏர்ள்ஸ்வூட் விடுதியின் வைத்திய அத்தியட்சகர் பதவியை ஏற்றார். நண்பர்கள் வியந்தனர். இலண்டனிற் கிடைக்கக்கூடிய உயர்வை விட்டு, ஒருவரும் மதியாத பிள்ளைகளிடம் ஏன் செல்ல வேண்டும் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. 1860இல் அவர் மேரி கிரெலின் என்னும் பெண்ணை மணந்தார். கணவருடன் அதே விடுதியில் வாழ்ந்த மேரி, ஊதியமின்றியே அதன் பணிகளிற் பங்கெடுத்துக்கொண்டார்.

டவுண் அங்கு கொண்டுவந்த மாற்றங்களைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

(அ) பிள்ளைகளை அடிப்பதும் தண்டிப்பதும் தடுக்கப்பட்டன. அன்பும் பாராட்டுமே கற்பித்தலுக்கு ஏற்ற வழி என்பது அவருடைய கொள்கை.

(ஆ) சுத்தம், நல்ல உணவு, காற்றோட்டம், உடற்பயிற்சி என்பன முதலிடம் பெற்றன. உடல் தேறினாலே அறிவு தேறும் என்று அவர் கருதினார்.

(இ) அன்றாட வேலைகளே பாடங்களாயின. சட்டைத் தெறி பூட்டுதல், கரண்டியும் கத்தியும் பிடித்து மேசையிலிருந்து உண்ணுதல், தெளிவாகப் பேசுதல் என்பன படிப்படியாகப் பழக்கப்பட்டன.

(ஈ) தச்சு வேலை, தையல், தோட்டவேலை போன்ற தொழில்கள் கற்பிக்கப்பட்டன.

இவற்றுள் ‘கடைப் பாடம்’ என்பதை நீங்கள் விசேடமாக நினைவில் வைத்திருக்கலாம். வகுப்பிலே ஒரு கடை அமைக்கப்படும். தராசும் படிக்கற்களும் உண்மையான பொருட்களும் அங்கே இருக்கும். ஒரு பிள்ளை முதலாளியாக நிற்கும். மற்றொரு பிள்ளை பொருள் வாங்க வரும். நிறுத்தல், விலை கூறுதல், காசு எண்ணுதல், மிகுதி கொடுத்தல் யாவும் அங்கே நடக்கும். ஏனைய பிள்ளைகள் பார்த்திருந்து பிழைகளைத் திருத்துவர். கரும்பலகையில் எழுதிய கூட்டற் கணக்கைப் புரிந்துகொள்ளாத பிள்ளை, கையிலே காசு வந்ததும் கணக்கைப் புரிந்துகொண்டது. பதின்மூன்று வயதிலேயே கடையில் நின்ற அனுபவம் டவுணுக்கு இருந்தது என்பதையும் இவ்விடத்தில் எண்ணிப் பாருங்கள்.

6. கப்பல் செய்த மனிதர்

ஏர்ள்ஸ்வூட்டில் வாழ்ந்த ஜேம்ஸ் ஹென்றி புல்லன் (1835 – 1916) என்பவரைப் பற்றியும் அறிந்துகொள்ளுங்கள். இவருக்கு இருந்தது டவுண் சிண்ட்ரோம் அன்று. கேட்கும் ஆற்றலும் பேச்சும் மிகக் குறைந்தவராகச் சிறுவயதில் அந்த விடுதிக்கு வந்தவர். எழுத்து அவருக்கு ஏறவில்லை. உளியும் வாளும் ஏறின. விடுதியின் தச்சுக்கூடத்தில் அவர் சிறந்த கைவினைஞரானார். அக்காலத்தில் உலகின் மிகப் பெரிய கப்பலாக விளங்கிய ‘கிரேற் ஈஸ்ரேன்’ கப்பலின் மாதிரியை, சின்னஞ்சிறு பாகங்களையும் தாமே செய்து, ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் உழைத்து முடித்தார். 1883இல் இலண்டனில் நடைபெற்ற கண்காட்சியில் அது பலரின் பாராட்டைப் பெற்றது.

ஒருவரிடம் எது இல்லை என்று தேடுவதை விடுத்து, எது இருக்கிறது என்று தேடினால் என்ன கிடைக்கும் என்பதற்குப் புல்லனின் கப்பல் நல்ல உதாரணம். டவுண் பின்னர் 1887இல் இலண்டனில் ஆற்றிய விரிவுரைகளில், ஒரு துறையிற் குறைவும் மற்றொரு துறையில் வியத்தகு திறமையும் கொண்ட இத்தகைய மனிதர்களைப் பற்றி விரிவாக எடுத்துரைத்தார்.

7. 1866ஆம் ஆண்டுக் கட்டுரை: சரியும் பிழையும்

ஏர்ள்ஸ்வூட்டில் இருந்த காலத்தில் டவுண் பிள்ளைகளைக் கூர்ந்து அவதானித்தார்; அளவுகள் எடுத்தார்; அன்று புதிய கலையாக இருந்த புகைப்படக் கலையைப் பயன்படுத்தி அவர்களைப் படம் பிடித்தார். ஒரு பகுதிப் பிள்ளைகள் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவர்களாயினும், ஒரே தாய் வயிற்றுச் சகோதரர் போல முகச்சாயலில் ஒத்திருப்பதை அவர் கண்டார். 1866ஆம் ஆண்டில், சில பக்கங்களே கொண்ட கட்டுரையொன்றில் இதனை வெளியிட்டார். இக்கட்டுரையே அவருடைய பெயரை நிலைக்கச் செய்தது.

அவர் சரியாகக் கண்டவை: இது பிறப்பிலிருந்தே உள்ள நிலை, பிறந்த பின் ஏற்பட்ட விபத்தினால் வந்ததன்று. இப்பிள்ளைகள் நகைச்சுவை உணர்வு மிக்கவர்கள். பிறரைப் போலச் செய்து காட்டுவதில் வல்லவர்கள். பயிற்சி அளித்தால், எதிர்பார்ப்பதைவிடக் கூடிய முன்னேற்றம் அடைவார்கள்.

அவர் பிழையாகக் கருதியவை: பெற்றோரின் காசநோயே இதற்குக் காரணம் என்று அவர் எண்ணினார். அது தவறு. இதைவிடப் பெரிய பிழை வேறொன்று. உலக மக்களை இனங்களாகப் பிரித்து உயர்வு தாழ்வு பேசுவது அக்கால ஐரோப்பாவிற் சாதாரணமாக இருந்தது. அப்பழக்கத்தைப் பின்பற்றிய டவுண், இப்பிள்ளைகளின் கண்களும் முகமும் ஆசியாவின் மொங்கோலிய மக்களை ஒத்திருப்பதாகக் கருதி, அம்மக்களின் பெயரையே இந்நிலைக்குச் சூட்டினார்.

இதில் ஒரு வியப்பும் உண்டு. அமெரிக்காவின் உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்திருந்தது. அடிமை முறையை ஆதரித்தவர்கள், கறுப்பின மக்கள் வேறொரு மனித வகை என்று வாதிட்டு வந்தனர். வெள்ளையரின் பிள்ளைகளிடமே வேறு இனத்தவரின் முகச்சாயல் தோன்றுகிறதெனில், மனித குலம் முழுவதும் ஒன்றே என்பதுதான் டவுண் எடுத்த முடிவு. ஆகவே அவர் அடைந்த முடிவு நல்லது. அதற்குப் பிடித்த வழி தவறானது. அவருடைய நல்ல முடிவை உலகம் மறந்தது. தவறான பெயரையோ பாடநூல்களிலும் வைத்தியசாலைகளிலும் வைத்துக்கொண்டது. இதனால் இரு தரப்பினர் அவமதிக்கப்பட்டனர். பிள்ளைகள் தமது சொந்தக் குடும்பத்திலேயே அந்நியர் போல நோக்கப்பட்டனர். ஒரு நாட்டு மக்களின் பெயரோ குறைபாட்டைக் குறிக்கும் சொல்லாயிற்று.

8. நோர்மன்ஸ்பீல்ட் இல்லம்

1867இல் பரிஸ் நகரிற் பெரிய சர்வதேசக் கண்காட்சி நடைபெற்றது. ஏர்ள்ஸ்வூட் வாசிகளின் கைவேலைகளை அங்கு காட்சிக்கு வைக்க டவுண் விரும்பினார். நிர்வாக சபை அதற்கான செலவை ஏற்க மறுத்தது. வேறு கருத்து முரண்பாடுகளும் சேர்ந்துகொள்ள, 1868இல் அவர் பதவியை விட்டு விலகினார்.

அதே ஆண்டில் டவுணும் மேரியும், இலண்டனுக்கு அருகில் தேம்ஸ் நதியை அண்டிய ரெடிங்ரனுக்குப் பக்கத்தில், தமது சொந்த இல்லத்தைத் தொடங்கினர். அதுவே நோர்மன்ஸ்பீல்ட். தொடக்கத்தில் இருபதுக்கும் குறைவானோரே அங்கு சேர்ந்தனர். டவுண் மறையும் காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கு வாழ்ந்தனர். தோட்டம், பண்ணை, வேலைக்கூடங்கள் யாவும் அங்கே இருந்தன. வீட்டு நிர்வாகம், பணியாளர் மேற்பார்வை, கணக்கு வழக்கு ஆகியவற்றில் மேரியின் பங்கு பெரிது. டவுணின் பெயர் உலகெங்கும் பரவியது. மேரியின் பெயரைச் சிலரே அறிவர். இவ்வில்லத்தின் வெற்றியிற் பாதி அவருக்குரியது என்று கூறினால் மிகையாகாது.

1879இல் அங்கே அழகிய நாடக அரங்கொன்று திறக்கப்பட்டது. திரைச்சீலைகளும் வர்ணம் தீட்டிய காட்சிப் பலகைகளும் கொண்ட உண்மையான அரங்கு அது. இசை, நடனம், நாடகம் என்பன அங்கே இடம்பெற்றன. மேல்மாடி அறையில் ஒளித்து வைக்கப்பட்ட பிள்ளைகளுக்காக ஒரு மேடை கட்டப்பட்டது என்பதுதான் இங்கு நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி.

எனினும் ஒரு குறையையும் குறிப்பிட வேண்டும். நோர்மன்ஸ்பீல்ட் கட்டணம் செலுத்தக்கூடிய வசதியான குடும்பங்களுக்கான இல்லமாகும். ஏழைப் பிள்ளைகளுக்கு அதன் கதவு எளிதில் திறக்கவில்லை. அத்துடன் அது சமூகத்திலிருந்து பிரிந்து நின்ற ஓர் இடமாகவே இருந்தது. பிள்ளைகள் ஊர்ப் பாடசாலையில் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கும் காலம் அப்போது இன்னும் வரவில்லை.

பெண் கல்விக்கும் டவுண் குரல் கொடுத்தார். பெண்கள் உயர்கல்வி கற்றால் அவர்களுக்கு அறிவு குன்றிய பிள்ளைகள் பிறப்பர் என்று அக்கால வைத்தியர் சிலர் பேசினர். தாயின் அறிவு வளர்வதனாற் பிள்ளைக்குத் தீங்கு வராது என்று டவுண் அதனை மறுத்துரைத்தார்.

9. மறைவும் குடும்பத்தாரின் தொடர்ச்சியும்

1896ஆம் ஆண்டு ஒக்டோபர் 7ஆம் திகதி டவுண் காலமானார். அப்போது அவருக்கு வயது 67. வைத்தியர்களான அவருடைய புதல்வர்கள் ரெஜினோல்ட், பேர்சிவல் ஆகிய இருவரும் நோர்மன்ஸ்பீல்ட்டைத் தொடர்ந்து நடத்தினர்.

1905இல் ரெஜினோல்டுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பாட்டனாரின் பெயரான ஜோன் என்பதே அக்குழந்தைக்கும் சூட்டப்பட்டது. அக்குழந்தைக்கு டவுண் சிண்ட்ரோம் இருந்தது. பாட்டனார் விவரித்த நிலை அவருடைய சொந்தக் குடும்பத்திலேயே தோன்றியது. குடும்பம் அப்பிள்ளையை மறைக்கவில்லை. நோர்மன்ஸ்பீல்ட்டிலேயே வாழ்ந்த அவர் 1970இற் காலமானார். அறுபது வயதைக் கடந்து வாழ்ந்தார் என்பது அக்காலத்திற்கு அரிய செய்தி.

நோர்மன்ஸ்பீல்ட் 1951இல் அரசாங்க சுகாதார சேவையின் கீழ் வந்தது, 1997இல் மூடப்பட்டது. நாடக அரங்கு பாதுகாக்கப்பட்டது. அவ்வளாகத்தில் பின்னர் அமைந்த நிலையத்திற்கு டவுணின் பெயரே இடப்பட்டது.

10. பெயர் மாறிய கதை

டவுண் இறந்து அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரே உண்மையான காரணம் தெரிய வந்தது. மனிதக் கலமொன்றில் 23 சோடிகளாக 46 நிறமூர்த்தங்கள் உள்ளன என்பதை நீங்கள் விஞ்ஞான பாடத்திற் கற்றிருப்பீர்கள். 1959இல் பரிஸ் நகரில் மார்த் கொத்தியே, ஜெரோம் லெஜூன், ரேமோன் தூர்பான் ஆகியோர், டவுண் சிண்ட்ரோம் உடையவர்களுக்கு 47 நிறமூர்த்தங்கள் இருப்பதை வெளியிட்டனர். 21ஆவது நிறமூர்த்தம் இரண்டிற்குப் பதிலாக மூன்றாக உள்ளது என்பதே அதன் காரணம். இனத்திற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. இது தொற்றுவதில்லை. பெற்றோர் செய்த குற்றமும் அன்று; முற்பிறப்புப் பாவமும் அன்று. தாயின் வயது கூடும்போது வாய்ப்புக் கூடுகிறது. ஆயினும் எல்லா வயதுத் தாய்மாருக்கும், எல்லா நாடுகளிலும் இத்தகைய குழந்தைகள் பிறக்கின்றனர்.

காரணம் தெரிந்த பின் பழைய பெயர் நிற்க முடியவில்லை. 1961இல் விஞ்ஞானிகள் 19 பேர் ‘லான்செற்’ என்னும் வைத்திய சஞ்சிகைக்குக் கடிதம் எழுதி, அப்பெயரைக் கைவிடுமாறு கேட்டனர். அவர்களுள் டவுணின் பேரனான வைத்தியர் நோர்மன் லாங்டன் டவுணும் ஒருவர். பாட்டனார் சூட்டிய பெயரை மாற்றுமாறு பேரனே கையொப்பமிட்டார். 1965இல் மொங்கோலிய நாடும் உலக சுகாதார ஸ்தாபனத்திடம் இதே கோரிக்கையை முன்வைத்தது. அதன் பின் அந்த ஸ்தாபனம் பழைய பெயரைப் பயன்படுத்துவதை நிறுத்தியது. ‘டவுண் சிண்ட்ரோம்’ என்னும் பெயர் நிலைபெற்றது.

11. இன்றைய நிலை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பிள்ளைகளுட் பெரும்பாலானோர் பத்து வயதளவிலேயே இறந்தனர். இன்று வளர்ச்சியடைந்த நாடுகளில் இவர்களின் சராசரி ஆயுட்காலம் ஏறத்தாழ 60 ஆண்டுகள். நிறமூர்த்தம் மாறவில்லை, மாறியது பராமரிப்பே. இவர்களுள் ஏறத்தாழ அரைவாசிப் பேர் இருதயக் குறைபாட்டுடன் பிறக்கின்றனர். முன்னர் அதற்குச் சிகிச்சை செய்யாமலே விட்டனர். இன்று குழந்தைப் பருவத்திலேயே சத்திரசிகிச்சை செய்கின்றனர். முன்னர் விடுதியில் அடைத்தனர். இன்று பல நாடுகளில் வீட்டிலிருந்து பாடசாலைக்குச் செல்கின்றனர்.

ஸ்பெயின் நாட்டின் பாப்லோ பினேடா, டவுண் சிண்ட்ரோம் உடையவர்களுள் ஐரோப்பாவிற் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற முதல் மனிதராக அறியப்படுகிறார். 2009இற் சான் செபஸ்தியான் திரைப்பட விழாவிற் சிறந்த நடிகருக்கான விருதையும் வென்றார். அமெரிக்காவின் கிறிஸ் நிக்கிச் 2020 நவம்பரில், ஏறத்தாழ 3.8 கிலோமீற்றர் நீச்சல், 180 கிலோமீற்றர் சைக்கிளோட்டம், 42 கிலோமீற்றர் ஓட்டம் ஆகிய மூன்றையும் 17 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டிய ‘அயன்மான்’ போட்டியை நிறைவு செய்தார். டவுண் சிண்ட்ரோம் உடையவர்களுள் இதனை முதலிற் சாதித்தவர் அவரே.

ஆனால் மாணவர்களே, இச்சாதனைகளை மட்டும் கூறி நிறுத்திவிடாதீர்கள். பட்டம் பெறாத, பதக்கம் வெல்லாத பிள்ளைக்கும் வகுப்பறையில் ஓர் இடம் உண்டு. சாதித்தாற்றான் மதிப்போம் என்பது சரியான நீதியன்று. நம்முள் எல்லோரும் சாதனையாளர் அல்லவே!

ஐக்கிய நாடுகள் சபை மார்ச் 21ஆம் திகதியை உலக டவுண் சிண்ட்ரோம் தினமாக 2012 முதல் அனுட்டிக்கிறது. மூன்றாம் மாதம், 21ஆம் திகதி: 21ஆவது நிறமூர்த்தம் மூன்றாக இருப்பதை இது குறிக்கிறது. எமது நாட்டில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலது குறைந்தோர் என்ற காரணத்தைக் காட்டித் தொழிலிலோ கல்வி நிறுவன அனுமதியிலோ பாரபட்சம் காட்டுவதைத் தடை செய்கிறது. வலது குறைந்தோரின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாடசாலையிற் சேர்ந்து கற்பதை ‘உட்படுத்தற் கல்வி’ என்கிறோம். சட்டம் கதவைத் திறக்கும். பக்கத்துக் கதிரையில் இடம் கொடுக்க வேண்டியவர்கள் நீங்களே. உங்கள் வகுப்பிலோ ஒழுங்கையிலோ அப்படியொரு பிள்ளை இருந்தால், அப்பிள்ளையைப் பெயர் சொல்லி அழையுங்கள். பட்டப்பெயர் வேண்டாம். ஒரு பிழையான பெயரைத் திருத்த உலகத்திற்கு நூறு ஆண்டுகள் சென்றதை இப்போது படித்தீர்கள் அல்லவா?

12. பரீட்சைக்கான குறிப்புகள்

• கட்டுரை எழுதும்போது ‘டவுண் சிண்ட்ரோம் உடையவர்’ என்று எழுதுக. ‘நோயாளி’, ‘பாதிக்கப்பட்டவர்’ என்று எழுத வேண்டாம். இது நோயன்று, பிறப்பிலுள்ள ஒரு நிலை.

• டவுணை மதிப்பிடும் வினா வந்தால் அவருடைய பணி, பிழை ஆகிய இரண்டையும் எழுதுக. பிழை எவ்வாறு திருத்தப்பட்டது என்பதையும் சேர்த்தால் விடை நிறைவு பெறும்.

• நினைவிற் கொள்ள வேண்டிய ஆண்டுகள்: 1828 பிறப்பு, 1858 ஏர்ள்ஸ்வூட் பதவி, 1866 கட்டுரை, 1868 நோர்மன்ஸ்பீல்ட், 1879 நாடக அரங்கு, 1896 மறைவு, 1959 நிறமூர்த்தக் கண்டுபிடிப்பு, 1961 விஞ்ஞானிகளின் கடிதம், 1965 மொங்கோலியாவின் கோரிக்கை.

பயிற்சி வினாக்கள்

1. ‘டவுண் சிண்ட்ரோம்’ என்னும் பெயரிலுள்ள ‘டவுண்’ எதனைக் குறிக்கிறது?

2. ஏர்ள்ஸ்வூட்டில் டவுண் செய்த மாற்றங்கள் மூன்றினைத் தருக.

3. ‘கடைப் பாடம்’ எவ்வாறு நடத்தப்பட்டது? அம்முறை பிள்ளைகளுக்கு ஏன் பயன்பட்டது?

4. 1866ஆம் ஆண்டுக் கட்டுரையில் டவுண் சரியாகக் கண்டவை இரண்டினையும் பிழையாகக் கருதியவை இரண்டினையும் எழுதுக.

5. நோர்மன்ஸ்பீல்ட் இல்லத்தின் சிறப்பு ஒன்றினையும் குறை ஒன்றினையும் விளக்குக.

6. சாதித்தாற்றான் மதிப்போம் என்பது சரியான நீதியன்று. இக்கூற்றை ஆதாரமாகக் கொண்டு, ‘எல்லோருக்கும் இடமுள்ள வகுப்பறை’ என்னும் தலைப்பில் 150 சொற்களிற் கட்டுரை எழுதுக.